பத்துக் காக்கைகளும் என் தம்பியின் கேள்வியும்

(மூன்றாமாண்டு, கணிதவியல்)

மனிதன் பேசக் கற்றுக்கொண்ட காலத்திலேயே புதிர் போடவும் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பாட்டி பேரனுக்குப் போடும் விடுகதை, திண்ணையில் கரித்துண்டால் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டம், காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் வரும் பலாச்சுளைக் கணக்கு, இன்று அரசுப் பணித் தேர்வின் வினாத்தாளில் நம்மை விழிபிதுங்க வைக்கும் தருக்கப் புதிர் ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. புதிரை விடுவிப்பவனை அறிவாளி என்று கொண்டாடுகிறோம். விடுவிக்காமல் நிற்பவனை மந்தன் என்று தள்ளிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா? இதுவே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் வினா.

எங்கள் ஊர் ஆரம்பாக்கம். என் தம்பி அங்கே ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நடந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். கடைசிப் பாடவேளையில் ஆசிரியர் பிள்ளைகளுக்கு ஒரு புதிர் போட்டார். "ஒரு மரத்தில் பத்துக் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. வேடன் ஒருவன் துப்பாக்கியால் ஒன்றைச் சுட்டான். மரத்தில் மீதி எத்தனை?" சில பிள்ளைகள் ஒன்பது என்றார்கள். ஏற்கெனவே கேட்டிருந்தவர்கள், "ஒன்றுமில்லை சார், சத்தம் கேட்டு எல்லாம் பறந்திருக்கும்" என்று கத்தினார்கள். என் தம்பி மட்டும் எழுந்து நின்று, "சார், செத்த காக்கை கீழே விழுந்ததா, கிளையில் மாட்டிக்கொண்டதா?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. "காலையில் கணக்குப் பாடத்தில், பத்துப் புறாக்களில் ஒன்றைப் பிடித்தால் மீதி ஒன்பது என்று சொன்னீர்களே. அந்த ஒன்பது புறாக்கள் ஏன் பறக்கவில்லை?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டான். ஆசிரியர் அதைக் குறும்பு என்று எடுத்துக்கொண்டார். காதைத் திருகி வெளியே நிறுத்தினார். அன்றைக்குப் பிறகு அவன் எந்த வகுப்பிலும் கேள்வி கேட்டதில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னையில் மருத்துவர்கள் பார்த்து, அவனுக்கு ஆட்டிசம் என்றார்கள். அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதும், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-ல் எழுதியபோதும் மருத்துவ உலகில் இடம் பிடித்த நிலை அது. தமிழில் இதனை 'மதியிறுக்கம்' என்று எழுதுவோர் உண்டு. மதி இறுகிப்போயிற்று என்று பொருள் தரும் அப்பெயரில் எனக்கு உடன்பாடில்லை. காக்கைக் கதையில் இறுகியிருந்தது யாருடைய மதி என்பதைப் படிப்பவர்களே முடிவு செய்யட்டும். எனவே அயற்சொல்லானாலும் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

கேள்விக்குக் கேள்வியே விடை

நம் தமிழ்ப் பேராசிரியர்கள் நன்னூல் நடத்தும்போது வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று சொல்லியிருக்கிறார்கள். விடையைத் தான் அறிந்துகொண்டே மாணவனைச் சோதிக்க ஆசிரியர் கேட்பது அறிவினா. புதிர்கள் எல்லாமே அறிவினாக்கள்தாம். எட்டு வகை விடைகளில் ஒன்றுக்கு 'வினா எதிர் வினாதல்' என்று பெயர். கேட்ட கேள்விக்கு எதிர்க் கேள்வி கேட்பதையும் பவணந்தியார் விடை என்றே ஒப்புக்கொண்டிருக்கிறார். என் தம்பி கொடுத்தது இலக்கணம் ஒப்புக்கொண்ட விடை. வகுப்பறைதான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

சற்று எண்ணிப் பாருங்கள். காக்கைப் புதிருக்கு ஒன்பது என்பது சரியா, பூஜ்யம் என்பது சரியா? கணக்கு நேரத்தில் கேட்டால் ஒன்பது. விடுகதை நேரத்தில் கேட்டால் பூஜ்யம். வினாவின் சொற்களில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது கேட்பவரின் முகக்குறிப்பும் குரலும் வேளையும் மட்டுமே. நம்மில் பெரும்பாலோர் அந்தக் குறிப்பை நொடியில் பிடித்துக்கொள்கிறோம். பிடித்துக்கொண்டோம் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. சொல்லப்படாததை நாமே இட்டு நிரப்பிவிட்டு, 'விடை தெளிவாகத்தானே இருக்கிறது' என்கிறோம். ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் அப்படி இட்டு நிரப்புவதில்லை. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறார்கள். சொல்லாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். புதிர்களை இரு சாராரும் அணுகும் முறையில் நான் காணும் முதன்மையான வேறுபாடு இதுவே.

ஆடுபுலி ஆட்டத்தில் எங்கள் தெருவில் தம்பியை வென்றவர் குறைவு. 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. எந்தக் காய் எங்கே நகரலாம், எப்போது வெட்டலாம் என்பதெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லப்பட்டுவிடுகிறது. முகத்தைப் பார்த்து ஊகிக்க அங்கே ஒன்றுமில்லை. எல்லாம் பலகையின் மேலேயே இருக்கிறது. அதே பிள்ளைதான் காக்கைப் புதிரில் 'தோற்றான்'. தருக்க அறிவு அவனிடம் திண்ணையில் இருந்து, வகுப்பறையில் காணாமல் போய்விட்டது என்று சொல்ல முடியுமா?

ஆய்வாளர்கள் கண்டது

என் வீட்டுக் கதை ஒன்றை வைத்துக்கொண்டு உலகை அளந்துவிட முடியாது. ஆய்வாளர்கள் என்ன கண்டார்கள் என்பதையும் பார்ப்போம்.

ரூத் பர்ன் என்ற உளவியலாளர் 1989-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். 'அவளுக்குக் கட்டுரை எழுத வேண்டியிருந்தால் நூலகத்தில் நெடுநேரம் படிப்பாள். இப்போது அவளுக்குக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது.' இவ்விரண்டையும் சொன்னால், 'ஆகவே நூலகத்தில் நெடுநேரம் படிப்பாள்' என்று ஏறக்குறைய எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். இவற்றோடு, 'நூலகம் திறந்திருந்தால் அவள் அங்கே நெடுநேரம் படிப்பாள்' என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துவிட்டால், பலர் தங்கள் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். நூலகம் மூடியிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. மூடியிருக்கலாமோ என்ற ஐயத்தை அவர்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். இதே வகைச் சோதனையை நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் நடத்தி 2009-ல் வெளியிட்டார்கள். அவர்கள் அவ்வளவு எளிதாக முடிவைத் திரும்பப் பெறவில்லை. விதிவிலக்குகளைக் கையாள்வதில் உள்ள குறை இது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஏட்டுத் தருக்கத்தின்படி பார்த்தால், கொடுத்த சொல்லை மீறாமல் நின்றவர்கள் அவர்களே.

என் தம்பி காக்கைக் கதையில் விதிவிலக்கைத் தேடினான், இவர்கள் நூலகக் கதையில் விதிவிலக்கைப் பொருட்படுத்தவில்லை, இரண்டும் முரண்படுகின்றனவே என்று ஒரு நண்பர் கேட்டார். முரண்பாடு இல்லை என்றே எண்ணுகிறேன். சொல்லாத ஒன்றைச் சொன்னதாக வைத்துக்கொள்ள மறுக்கும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள் அவை.

அடுத்து லண்டனில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு. ஒருவரிடம் 50 பவுண்டு கொடுத்துவிட்டு, '20 பவுண்டை வைத்துக்கொள்ளலாம், அல்லது முழுத் தொகைக்கும் சூதாடிப் பார்க்கலாம்' என்று சொன்னார்கள். வேறொரு முறை அதையே மாற்றி, '30 பவுண்டை இழக்க வேண்டும், அல்லது சூதாடிப் பார்க்கலாம்' என்றார்கள். இரண்டும் ஒரே கணக்குத்தான். ஆயினும் 'இழக்க வேண்டும்' என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் கூடுதலாகச் சூதாட்டத்தின் பக்கம் சாய்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் இந்தச் சாய்வு குறைவாகவே இருந்தது. எண்ணைப் பார்த்தார்கள்; சொல்லின் சாயத்துக்கு அவ்வளவாக மயங்கவில்லை. ஆடித் தள்ளுபடி விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தேவையில்லாத துணியை வாங்கி வரும் நாம் அவர்களிடம் கற்க வேண்டியது உண்டு.

மூன்றாவது, படங்களின் வரிசையில் விடுபட்ட படத்தைக் கண்டுபிடிக்கும் ரேவன் சோதனை. மான்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட கட்டுரையில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் வழக்கமான அறிவுத் தேர்வில் பெற்ற இடத்தைவிடப் படப் புதிர்த் தேர்வில் மிகவும் முன்னே இருந்தார்கள் என்று காட்டினார்கள். நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் சராசரியாக ஏறத்தாழ 30 இடங்கள் முன்னே என்று வைத்துக்கொள்ளலாம். அதே குழுவினர் 2009-ல் மூளையின் செயற்பாட்டைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைப் போன்றே சரியான விடைகளைச் சொன்னார்கள். 40 விழுக்காடு வரை விரைவாகவும் சொன்னார்கள். பார்வை தொடர்பான மூளைப் பகுதிகள் அவர்களிடம் கூடுதலாக வேலை செய்தன. அதாவது அவர்கள் சென்று சேர்ந்த இடம் மற்றவர்களின் இடமே, நடந்த பாதை மட்டும் வேறு.

புகழ்ச்சியும் ஒரு தவறே

இவ்வளவையும் கேட்டதும், 'அப்படியானால் ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லாரும் கணக்குப் புலிகள்' என்று துள்ளிக் குதிப்பவர்கள் உண்டு. 1988-ல் வந்த 'ரெயின் மேன்' என்ற ஆங்கிலத் திரைப்படம் அந்த எண்ணத்தை உலகெங்கும் பரப்பிவிட்டது. இதுவும் தவறே.

கல்லூரிக்கு வரும் காலை ரயிலில் நண்பர்களிடம் ஒரு கணக்குப் போட்டேன். 'ஒரு நோட்டும் ஒரு பேனாவும் சேர்த்து 110 ரூபாய். பேனாவைவிட நோட்டு 100 ரூபாய் அதிகம். பேனாவின் விலை என்ன?' எளாவூர் தாண்டுவதற்குள் ஆறு பேர் 10 ரூபாய் என்றார்கள். சரியான விடை 5 ரூபாய், நோட்டு 105. ஷேன் ஃபிரெடரிக் என்பவர் 2005-ல் வெளியிட்ட புகழ் பெற்ற புதிரை நம் ஊருக்கு ஏற்ப மாற்றிய கணக்கு இது. முதலில் மனத்தில் குதிக்கும் விடையை அடக்கிவிட்டு நிதானமாக எண்ணுபவர்கள் மட்டுமே இதில் தேறுவார்கள். இத்தகைய புதிர்களில் ஆட்டிசம் உள்ளவர்கள் முந்துகிறார்கள் என்று பிரிட்டனில் 2016-ல் ஒரு ஆய்வு சொன்னது. ஆனால் 2022-ல் அதே நாட்டில் வெளியான, அதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று, பொதுவான அறிவுத் திறனைச் சமப்படுத்திப் பார்த்தால் இரு சாராருக்கும் இவ்வகையில் வேறுபாடில்லை என்றது. ஆக, 'இவர்கள் நிதானிகள், அவர்கள் அவசரக்காரர்கள்' என்று கோடு கிழித்துவிட முடியாது.

ஆட்டிசம் என்பது ஒரே அச்சில் வார்த்தது அன்று. பேச்சே வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒளியையும் இரைச்சலையும் தாங்க மாட்டாதவர்கள் இருக்கிறார்கள். எந்தப் புதிரிலும் நாட்டமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். புதிர் விடுவித்தால்தான் மதிப்பு என்றால், விடுவிக்காத பிள்ளையின் தாய் எங்கே போவாள்? ஒருவன் மனிதனாக மதிக்கப்பட மதிப்பெண் தேவையில்லை.

கும்பகோணத்தில் தோற்ற மாணவர்

ஒரே புதிரை இருவர் இரு வழியில் விடுவித்ததற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஓர் அழகான சான்று உண்டு. 1914-ஆம் ஆண்டு இறுதியில், கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகாலனோபிஸ் என்ற வங்க இளைஞர் ஸ்ட்ராண்ட் என்ற இதழில் வந்த ஒரு புதிரோடு தம் நண்பரின் அறைக்குப் போனார். ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என வரிசையாக எண்ணிடப்பட்டிருக்கின்றன. ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள் உண்டு. அந்த வீட்டின் எண் என்ன? மகாலனோபிஸ் எண்களைப் போட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் விடை கண்டிருந்தார். அவர் புதிரைப் படித்துக் காட்ட, அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த நண்பர் கிளறியபடியே ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். 288 வீடுகளில் 204-ஆம் வீடு என்ற விடை மட்டும் அதில் இல்லை. 50, 500 என்ற எல்லைகளை எடுத்துவிட்டால் கிடைக்கும் எல்லா விடைகளும் அதில் வரிசையாக இருந்தன. 8 வீடுகளில் 6-ஆம் வீடு என்பதும் அவற்றுள் ஒன்று. வேண்டுமானால் கூட்டிப் பாருங்கள், இருபுறமும் 15 வரும். அந்த நண்பர்தாம் கும்பகோணத்துச் சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜனுக்கு ஆட்டிசம் இருந்தது என்று இக்காலத்தில் எழுதுபவர்கள் உண்டு. மறைந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் அந்த வேலை நமக்கு வேண்டாம். நமக்குப் பாடம் வேறு. அதே இராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தவர். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்த பிறகும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். நம் கல்லூரியைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியின் அளவுகோலுக்குள் அவர் அடங்கவில்லை. அளவுகோலைக் குறை சொல்ல அன்று யாருக்கும் தோன்றவில்லை.

வினாத்தாளும் வேலையும்

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். புதிர் இன்று பொழுதுபோக்கு மட்டுமன்று, வயிற்றுப்பாடும் ஆகும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்களில் 25 திறனறிவு வினாக்கள். அவற்றின் பாடத்திட்டத்தில் புதிர், பகடை, எண் தொடர் எல்லாம் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குப் போகும் நம் நண்பர்கள் நேர்முகத் தேர்வில் வாய்மொழிப் புதிர்களுக்கு விடை சொல்லிவிட்டு வருகிறார்கள்.

கணிதம் படிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். '2, 4, 8, அடுத்த எண் என்ன?' என்று கேட்டால் 16 என்போம். இரட்டித்துக்கொண்டே போகிறது என்பது நம் ஊகம். 14 என்று ஒருவன் சொன்னால் அதுவும் சரியே. இடைவெளி 2, 4, 6 எனக் கூடுகிறது என்பது அவன் கண்ட விதி. உண்மையில் எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்குப் பொருந்தும் ஒரு கோவையை அமைத்துக் காட்டலாம் என்று நம் பாடத்திலேயே படிக்கிறோம். ஆக, இவ்வினாவில் சோதிக்கப்படுவது தருக்கம் மட்டுமன்று. வினாத்தாள் எழுதியவரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை ஊகிக்கும் திறமும் சேர்த்தே சோதிக்கப்படுகிறது. ஊகித்தவன் 'புத்திசாலி' ஆகிறான். ஊகிக்க மறுத்து, 'என்ன விதி என்று சொல்லுங்கள்' என்று கேட்டவன் மதிப்பெண் இழக்கிறான்.

வாழ்க்கை முழுமையான வினாத்தாளாக வருவதில்லையே, குறிப்பறிந்து நடக்கப் பிள்ளைகள் பழக வேண்டாமா என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குறிப்பறிதல் நல்ல பண்பே. நூலகம் மூடியிருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கத் தெரியாதவன் வீணாக நடந்துவிட்டு வருவான். ஆனால் குறிப்பைக் கற்பிக்கும் வழி சிரிப்பதன்று, சொல்லிக் கொடுப்பது. 'தம்பி, இது கணக்கு அல்ல, வேடிக்கைப் புதிர். துப்பாக்கிச் சத்தத்தை நினைத்துப் பார்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் வாய் மூடிப் போயிருக்காது.

குறிப்பறிவோர் மட்டுமே நிறைந்த இடம் பாதுகாப்பானதும் அன்று. ஓர் ஆலையில் மேற்பார்வையாளர் 'அந்த வால்வை மூடு' என்று சொல்லிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் 'எது என்று தெரியும்' எனத் தலையாட்டுகிறார்கள். ஒருவன் மட்டும் 'எந்த வால்வு?' என்று கேட்கிறான். கொதிகலன்களும் இரசாயனக் குழாய்களும் நிறைந்த தொழிற்பேட்டைக்கு அருகில் வாழும் நாம், அந்த ஒருவனைப் பார்த்துச் சிரிக்கலாமா?

சட்டம் தந்ததும் நாம் தர வேண்டியதும்

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளைப் பட்டியலிட்டு, ஆட்டிசத்தையும் அவற்றுள் ஒன்றாக்கியது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத இயலாமை உள்ளோருக்கு அரசு உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடமும், அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இடமும் ஒதுக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். எழுத்துத் தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று 2018-ல் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது.

சட்டம் இடம் தரும், நேரம் தரும். வினாவைத் திருத்தி எழுதித் தராது. பக்கத்து இருக்கைக்காரனின் சிரிப்பை அடக்காது. அவை நம் கையில் உள்ளவை. அவற்றைப் பற்றியே எனக்குச் சில வேண்டுகோள்கள்.

பேராசிரியப் பெருமக்களே, வினாத்தாள் எழுதி முடித்ததும், 'இதில் நான் சொல்லாமல் விட்டது என்ன?' என்று ஒரு முறை பாருங்கள். வகுப்பில் ஒரு மாணவன் எதிர்க் கேள்வி கேட்டால், அது குறும்பா, நன்னூலார் சொன்ன விடையா என்று ஒரு நொடி நிதானியுங்கள். வாய்மொழித் தேர்வில் திணறும் மாணவனிடம் அதே கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். இவற்றுக்குப் பணம் செலவாகாது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மட்டுமன்றி, கிராமத்திலிருந்து வந்து கூச்சத்தால் பேசாமல் இருக்கும் எங்கள் எல்லோருக்கும் அது உதவும்.

தோழர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. சிரிப்பதற்கு முன், அவன் கேட்ட கேள்விக்கு உங்களிடம் விடை இருக்கிறதா என்று பாருங்கள். செத்த காக்கை விழுந்ததா, மாட்டிக்கொண்டதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மாட்டிக்கொண்டிருந்தால் விடை ஒன்று. நாங்கள் கத்திய பூஜ்யமும் தவறு.

இறுதியாக எங்கள் ஊரைப் பற்றி ஒரு சொல். ஆரம்பாக்கம் தமிழகத்தின் வடக்கு எல்லை. ரயிலில் அடுத்த நிலையமான தடா ஆந்திராவில் இருக்கிறது. எங்கள் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். தமிழில் சொன்னது ஒருவருக்கு விளங்கவில்லை என்றால், கடைக்காரர் அவரை மடையர் என்று நினைப்பதில்லை. தெலுங்கில் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறார். அவரும் தமக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார். வியாபாரம் நடக்கிறது. புரியாமை என்பது ஒருவரின் குறையன்று, இருவருக்கும் இடையில் உள்ள தூரம் என்பதை எல்லையில் வாழ்பவர்கள் படிக்காமலே அறிவார்கள். ஆட்டிசம் பற்றி டேமியன் மில்டன் என்ற பிரிட்டன் நாட்டுச் சிந்தனையாளர் 2012-ல் எழுதியதும் இதையே ஒத்தது. அவரும் ஆட்டிசம் உள்ளவர். அவர்களுக்கு நம்மைப் புரிவதில்லை என்பது பாதி உண்மை. நமக்கும் அவர்களைப் புரிவதில்லை என்பது மறு பாதி.

என் தம்பி இவ்வாண்டு மேல்நிலைத் தேர்வு எழுதுகிறான். வரும் ஜூன் மாதம் இதே கல்லூரி வாசலில் விண்ணப்பத்துடன் வந்து நிற்கப் போகிறான். நான் அப்போது இங்கே இருக்க மாட்டேன். என் மூன்றாண்டு முடிந்துவிடும். அவனை உங்களிடம் விட்டுச் செல்கிறேன். அவனுக்குச் சலுகை வேண்டும் என்று கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் நின்றுபோன கேள்விகளை அவன் இங்கே மறுபடியும் கேட்கத் தொடங்கினால், அவற்றுக்கு விடை சொல்லுங்கள். விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். அதுவும் அவனுக்குப் போதும்.